எழுதிக் கொடுத்தவர்கள்

ரொம்ப நன்றி சார் என்று சொன்னால் போதுமா, போதாது, இப்போது நகர்ந்து இடம் கொடுத்த அக்காவுக்கும் அதைத்தானே சொன்னோம், அந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என்று நினைத்துக்கொண்டே அனிஸ்டா மடியில் இருந்த இரண்டு மக்ரூன் பெட்டிகளையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒன்றேகால் மணி நேரம். மூன்று வருஷம் கல்லூரிக்குப் போய்வந்த அதே ஏழு நாற்பது பஸ், அதே கண்டக்டர். "என்னம்மா, படிப்பு முடிஞ்சிட்டுன்னு சொன்ன, பெயிலாக்கிட்டாங்களா?" என்று சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். சொல்லக் கூடாது, முதலில் தெரியவேண்டியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், குற்றாலிங்கம் சாரும் திலகேஸ்வரி மேடமும், அவர்களுக்கு முன்னால் கண்டக்டருக்கா, என்று நினைத்து முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. "பெங்களூர்ல எடம் கிடைச்சிருக்குண்ணே. ஆராய்ச்சிப் படிப்பு. இயற்பியல்ல." அவர், "அப்படிப் போடு!" என்று டிக்கெட் கட்டால் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார், அந்தச் சத்தம் உடம்பு முழுக்க ஓடியது. நேற்று மாலையிலிருந்தே உடம்பு இப்படித்தான், எதைத் தொட்டாலும் மணி அடிக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றபோதுதான் போன் அதிர்ந்தது. மண்ணெண்ணெய் வாடை, முன்னால் நின்றவளின் முதுகில் வியர்வை வரைந்த வரைபடம், கையில் மடங்கிய சாக்குப்பை, அதற்கு நடுவில் அந்த மின்னஞ்சல். முதல் வரியை மட்டும் ஏழெட்டுத் தடவை படித்தாள், இரண்டாவது வரிக்குப் போனால் முதல் வரி அழிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. "அடுத்த கார்டு, ஏம்மா, அடுத்த கார்டு" என்று எடை போடுகிறவர் கத்தினார், அவள் கார்டுக்குப் பதில் போனை நீட்டினாள். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்தாள், பிறகு எதற்கு அணைத்தோம் என்று தெரியாமல் திரும்பப் பற்றவைத்தாள். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, ஒனக்கு லெட்டர் எழுதிக் குடுத்தாவளே அந்த டீச்சர்மாரு, அவியளுக்குச் சொல்லிட்டியா?" என்பதுதான். போனில் சொல்லப் போனவளைத் தடுத்து, "போன்லயா? ஒரு பிள்ளைக்கு எடம் வாங்கிக் குடுத்த மனுஷருக்குப் போன்லயா சொல்லுவாவ? நேர்ல போ. வெறுங்கையோட போவாத" என்று அம்மாவே ரொட்டிக் கடைக்குப் போய் வாங்கிவந்த மக்ரூன் இது. தொட்டால் நொறுங்கும். முட்டையும் முந்திரியும் காற்றும் சேர்ந்த பண்டம், இதைப் போய் இந்த ரோட்டில் கொண்டுபோகச் சொல்கிறாளே அம்மா. உப்பளம் வெள்ளையாக ஓடி வந்து பின்னால் போனது. மேடத்துக்கு எப்படிச் சொல்வது என்பது கஷ்டமில்லை, பார்த்தவுடன் தானாக வரும். சாருக்கு என்ன சொல்வது என்பதில்தான் வந்து வந்து முட்டிக்கொள்கிறது.

ஏனென்றால் சார் எழுதவே இல்லை. சாருடைய கடிதத்தை எழுதியவள் அனிஸ்டா. விண்ணப்பத்தில் இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தார்கள், உங்களை நன்றாக அறிந்த ஆசிரியர் இருவர், அவர்களே நேரடியாக எங்களுக்கு அனுப்ப வேண்டும். மேடம் ஒன்று, துறைத்தலைவர் ஒன்று என்று அவள் பிப்ரவரியில் குற்றாலிங்கம் சார் மேஜை முன்னால் போய் நின்றபோது, சார் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீயே எழுதிக் கொண்டா பிள்ள, நான் பேர் போட்டுக்கிடுதேன்" என்றார். எழுதினாள். மூன்று இரவு உட்கார்ந்து எழுதினாள். தன்னைப் பற்றித் தானே 'இவர்' என்று எழுதுவது எவ்வளவு கூச்சமான வேலை, குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்தது மாதிரி. இவர் பணிவானவர். யார், நானா? இவர் நேரம் தவறாதவர். பஸ் தவறாவிட்டால் நானும் தவற மாட்டேன். இவர் கடந்த பத்தாண்டுகளில் நான் கண்ட மிகச் சிறந்த மாணவிகளில் ஒருவர் என்று எழுதியபோது விரல் நின்றது, பத்தாண்டுகளாக எதையும் கண்ட சார் அல்ல நான், இருபத்தொரு வயசு, ஆனால் மற்ற பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் எழுதுவார்களாம், ஒருவர் என்று போட்டால் தப்பில்லை, ஒருவர்தானே. கொண்டுபோய்க் கொடுத்தபோது சார் போனையே அவள் கையில் தந்துவிட்டார். "நம்பர் ஒண்ணு வரும், அதப் போட்டு நீயே ஏத்திரு." அவளே ஏற்றினாள். அவருடைய பெயரில், அவருடைய போனில், அவளைப் பற்றி அவள் எழுதியதை. அதற்கு முந்தின வாரம் அவளே இன்னொரு கட்டத்தில் டிக் செய்திருந்தாள், இந்தக் கடிதங்களை நான் பார்க்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். அந்த டிக் இப்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே வாகைக்குளம் விமான நிலையத்து மதில் முழுக்க வரிசையாக ஓடுகிற மாதிரி இருந்தது. தெரிந்துவிட்டால்? ஜூலையில் பெட்டியோடு போய் இறங்கியதும் ஒருத்தர் கூப்பிட்டு, இந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று கேட்டால்? அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள், இந்நேரம் மாதா கோயில் வாசல்வரை போயிருக்கும். அப்பா லாஞ்சுப் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, "எம்மவ சயின்டிஸ்டாக்கும்" என்று கிரீஸ் கையோடு சொல்லிக்கொண்டிருப்பார். கடவுளே. ஆனாலும் இடம் கிடைத்துவிட்டதே! என்ன பயந்தாலும் அடியில் அது இருந்தது, தண்ணீருக்குள் அமுக்கிய பந்து மாதிரி கையை விட்டு விட்டு மேலே வந்தது. கிடைத்துவிட்டது. நேர்முகத் தேர்வில் கரும்பலகை முன்னால் நாற்பது நிமிடம் நின்றது யார், நான்தானே, அந்தக் கடிதமா நின்றது? இருந்தாலும் சாருக்கு நன்றி சொல்வது என்றால் எதற்குச் சொல்வது. நான் எழுதியதற்கு நானே எப்படி நன்றி சொல்லிக்கொள்வது. போன் கொடுத்ததற்கு ரொம்ப நன்றி சார்? அவளுக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்து அக்கா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

மேடம் அப்படி இல்லை. மேடத்திடம் கேட்டபோது மேடம் உடனே சரி சொல்லவில்லை, அன்றைக்கு அது எவ்வளவு வலித்தது. "ஒரு வாரம் டைம் குடு. நான் எழுதினா நல்லா எழுதணும், இல்லன்னா எழுதக் கூடாது" என்றார். பிறகு இரண்டு நாள் வகுப்பு முடிந்து உட்காரவைத்துக் கேள்வியாகக் கேட்டார், எந்தப் பாடம் பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை, எதைப் படித்துவிட்டுத் தூங்க முடியாமல் இருந்தாய். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. திலகேஸ்வரி மேடம் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரம் இல்லை, பதினொரு வருஷமாக ஒவ்வொரு ஜூனிலும் வருவாரா மாட்டாரா என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள், ஒவ்வொரு ஜூனிலும் நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவர் என்ன எழுதியிருப்பார்? இந்தக் கேள்வி நாலு மாதமாக உள்ளே பல்லில் சிக்கிய நார் மாதிரி கிடக்கிறது, நாக்கு அங்கேயே போகிறது. சோடியம் விளக்கு விஷயத்தை எழுதியிருப்பாரா? இரண்டாம் வருஷம் ஆய்வகத்தில், நெருக்கமாகக் கோடு கீறிய சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்று, கிரேட்டிங் என்பார்கள், அதன் வழியாக மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து அதன் அலைநீளத்தைக் கணக்குப் போட வேண்டும். புத்தகத்தில் 5893. எல்லாருக்கும் 5893 வந்தது, அவளுக்கு 5987 வந்தது. மறுபடி செய்தாள், 5986. கண் எரிந்தது, மஞ்சள் கோடு இமைக்குள்ளும் நின்றது. தோழி நோட்டை நீட்டி, "பாத்து எழுதிட்டு வாட்டி, பஸ் போயிரும்" என்றாள், பஸ் போய்விட்டது, அவள் 5987 என்றே எழுதிக் கொடுத்தாள். குற்றாலிங்கம் சார் எல்லார் முன்னாலும் நோட்டை மேஜைமேல் போட்டார், வெளியிலிருந்து தேர்வாளர் வந்து பார்த்தால் துறை மானம் போகும், பதினாலு வருஷமாக இந்தச் சோதனை நடக்கிறது, நீ என்ன புதுசா வந்துட்டியா என்று. மேடம் மட்டும், "வந்ததுதானே வந்திருக்கு சார், ஏன் வந்துதுன்னு பாப்போம்" என்றார். மூன்று நாள் பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டியிருந்த கோடுகளின் எண்ணிக்கையே தப்பு, யாரோ எப்போதோ இரண்டு பெட்டியின் மூடியை மாற்றிப் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் பதினாலு வருஷமாக அந்தக் கண்ணாடியில் 5893 கண்டவர்கள் எல்லாம் எதைக் கண்டார்கள்? அதை நினைத்தபோது வந்த குளிர், அந்தச் சந்தோஷம், ஒரு பெரிய வீட்டுக்குள் ஆளில்லாத நேரத்தில் நுழைந்துவிட்ட மாதிரி, அதுதான் ஆரம்பம், அன்றைக்குத்தான் இதைத் தவிர வேறு எதையும் செய்யப் போவதில்லை என்று தெரிந்தது. வல்லநாட்டு மலை போய், முறப்பநாட்டுப் பாலத்தில் பஸ் ஏறியது, கீழே தாமிரபரணியில் யாரோ சேலையை விரித்துப் பிடித்து உலர்த்திக்கொண்டிருந்தார்கள், சிவப்புச் சேலை, காற்று வாங்கி ஊதிப் பருத்தது. ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. மடியில் 'நொறுக்' என்று சின்னச் சத்தம். போச்சு.

கல்லூரி வாசலில் புதுப் பிள்ளைகள் சேர்க்கைப் படிவத்தோடு நின்றார்கள், அவளைப் பார்த்து ஒருத்தி வழிவிட்டாள், ஆசிரியை என்று நினைத்துவிட்டாளோ என்னவோ, அந்த நினைப்பே நடையை மாற்றியது. முதல் மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினாள். குற்றாலிங்கம் சார் அறையில் தனியாகத்தான் இருந்தார், மின்விசிறிக்கு நேர் கீழே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "சார், எடம் கிடைச்சிருச்சு" என்றபோது குரல் கீச்சென்று வந்தது. பஸ்ஸில் கோத்துக் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் படியிலேயே உதிர்ந்திருந்தன. சார் எழுந்தே விட்டார். "எனக்குத் தெரியும் பிள்ள, எனக்கு மே மாசமே தெரியும்" என்றார். அவளுக்கு விளங்கவில்லை. எப்படித் தெரியும்? அவர் பெட்டியைத் திறந்து நொறுங்கிய மக்ரூனில் பெரிய துண்டாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு சொன்னார். "மதுரையில மக வீட்டுல இருந்தேன். போன் வந்துது. பெங்களூர்லேருந்து ஒரு அம்மா. உங்க மாணவியப் பத்திப் பத்து நிமிஷம் பேசலாமான்னு கேட்டாங்க." அனிஸ்டாவுக்குக் காது அடைத்தது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, சத்தம் இல்லை. "லெட்டர்ல இப்படி எழுதியிருக்கீங்களே, ஏதாவது உதாரணம் சொல்லுங்கன்னாங்க. லெட்டர்ல என்ன இருக்குன்னு எனக்கு எங்க தெரியும், படிச்சாத்தானே. சொல்லிட்டேன், அம்மா, அந்த லெட்டர் நான் எழுதினது இல்ல, பிள்ளையே எழுதிச்சி, நான் சோம்பேறித்தனத்துல பேர் குடுத்துட்டேன்னு." சொல்லிட்டீங்களா? என்று கேட்டாளா, நினைத்தாளா, தெரியவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். சார் சிரித்தார். "அந்த அம்மா சிரிக்காங்க. தெரியும் சார், பாதி லெட்டர் அப்படித்தான் வருது, அதனாலதான் போன் பண்ணுதோம், இப்ப நீங்க உங்க வாயால சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். பதினாலு வருஷமா ஒரு தப்புக் கண்ணாடிய வச்சுக்கிட்டுச் சரியான விடைக்கு நான் டிக் போட்டுக்கிட்டிருந்தேன், இந்தப் பிள்ளதான் தப்பான விடைய எழுதிட்டு மாத்த மாட்டேன்னு நின்னுச்சி, நான் திட்டினேன், மாத்தல, அப்படின்னு." "நீங்க திட்டினதையுமா சார் சொன்னீங்க?" "அதச் சொல்லாம வேற எதச் சொல்ல? அரை மணி நேரம் பேசினோம். சோறு ஆறிப்போச்சு." அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, எதையோ தேடுவதுபோல் மேஜையைப் பார்த்தார். "நான் அன்னைக்கு நோட்டத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாது. இந்த ரெண்டு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்." இப்போது நன்றி சொல்ல வேண்டும், இதோ இப்போது. "சார், நீங்க அன்னைக்குத் திட்டினீங்கல்லா, அதுக்கு ரொம்ப நன்றி சார்" என்று வந்து விழுந்தது வாயிலிருந்து. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் குலுங்கிச் சிரித்ததில் மக்ரூன் தூள் புகையாகப் பறந்தது.

வெளியே வந்ததும் தூணில் சாய்ந்து மூச்சுவிட்டாள். தெரிந்திருக்கிறது. மேயிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் எடுத்திருக்கிறார்கள், வாகைக்குளத்தில் மதிலெல்லாம் டிக் டிக்காகப் பார்த்துப் பயந்தேனே, பைத்தியம். கால் நிற்கவில்லை, தாழ்வாரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள், ஜன்னல் வழியாக மேடம் குரல் கேட்டது, இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டிருக்கிறார், "கையத் தூக்கிட்டு ஏன் எறக்கிட்ட, கேளு" என்று யாரையோ கேட்கிறார், அதே குரல், கொஞ்சம் தொண்டை கட்டின குரல். இன்னும் இருபது நிமிடம். என்ன எழுதினீங்க மேடம் என்று கேட்கலாமா? கேட்கக் கூடாது, ஒரு டிக்கையாவது காப்பாற்ற வேண்டும். ஆனால் கேட்காவிட்டால் எழுபது வயசு வரைக்கும் அந்த நார் பல்லிலேயே இருக்குமே. மணி அடித்தது. பிள்ளைகள் வழிய வழிய வெளியே வந்தார்கள், கடைசியில் சாக்பீஸ் கையோடு மேடம். அனிஸ்டா முகத்தைப் பார்த்ததும் மேடம், "ஏ!" என்று ஒரு சத்தம் போட்டார், தாழ்வாரமே திரும்பியது, இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார், "கிடைச்சிருச்சா? நிஜமாவா? எங்க, காட்டு, நான் படிக்கணும்." போனை வாங்கி நின்ற இடத்திலேயே முதலிலிருந்து கடைசிவரை, கீழே இருந்த முகவரி வரை படித்தார். பிறகு அவளை ஆளில்லாத ஆய்வகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய் முக்காலியில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார், முகத்தில் சுண்ணாம்புத் தூள், கண் ஓரம் ஈரம், துடைத்ததில் சேறாகிவிட்டது. அனிஸ்டா பெட்டியை நீட்டி, "நொறுங்கிட்டு மேடம்" என்றாள். மேடம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை. அப்போதுதான் அனிஸ்டாவுக்குத் தெரிந்தது, மேடம் ஏதோ சொல்ல வருகிறார், தயங்குகிறார், கட்டைவிரலால் பெட்டிக் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறார், பிப்ரவரியில் துப்பட்டா நுனியை இப்படித்தான் நான் சுற்றினேன். "அனிஸ்டா, உன்கிட்ட ஒண்ணு கேக்கலாமா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரணும்." கேளுங்க மேடம். "மேற்க மலையில புதுசா ஒரு அறிவியல் கல்லூரி ஆரம்பிச்சிருக்காங்க. நிரந்தர வேலை. நானும் போட்டிருக்கேன். எல்லாம் அனுப்பிட்டேன், ஒண்ணு மட்டும் பாக்கி. அவங்க ஒரு லெட்டர் கேக்காங்க. பேராசிரியர்கிட்டருந்து இல்ல." மேடம் நிறுத்தினார். "என்கிட்டப் படிச்ச பிள்ளகிட்டருந்து."

அனிஸ்டாவுக்கு முதலில் புரியவே இல்லை, யாரைப் பற்றிச் சொல்கிறார், எந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறார் என்றுகூட ஓடியது, பிறகு ஒரே நொடியில் எல்லா ரத்தமும் முகத்துக்கு வந்தது. நானா? நானா எழுதுவது, மேடத்துக்கு? "பழைய பிள்ளைக மூணு பேர்கிட்ட கேட்டேன்" என்றார் மேடம், தரையைப் பார்த்துக்கொண்டு. "மூணு பேரும் நல்ல பிள்ளைகதான். என்ன எழுதணும்னு நீங்களே எழுதி அனுப்புங்க மேடம், நாங்க பேர் போட்டுக்கிடுதோம்னு சொல்லிட்டாங்க. எனக்கு அப்படி வேண்டாம்னு விட்டுட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. முப்பத்தொம்பது வயசாச்சு, இதுக்கு மேல எங்க போகன்னு பேசாம இருந்திரலாம்னுதான் காலைல வந்தேன். உன்னப் பாத்ததும்" என்று நிறுத்தி, "நீ இப்ப சந்தோஷமா வந்திருக்கே, இப்ப போய் இதக் கேக்கது நல்லா இல்லதான்" என்றார். அனிஸ்டா எழுந்து நின்றுவிட்டாள், முக்காலி பின்னால் விழுந்தது. எங்கே, எதில் எழுதணும், இப்பவே, என்று அவள் கேட்ட வேகத்தில் மேடம் சிரித்தேவிட்டார். நீலப் பையிலிருந்து மடிக்கணினி வந்தது, ஒரு மூலை உடைந்து டேப் ஒட்டியது. படிவம் திறந்தது. தமிழிலும் எழுதலாம் என்று மேலேயே போட்டிருந்தார்கள். இவரை உங்களுக்கு எத்தனை ஆண்டுகளாகத் தெரியும். இவர் வகுப்பில் செய்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதலாம். அனிஸ்டா துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மேடம், நீங்க வெளியே போங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மேடம் எழுந்து, மக்ரூன் பெட்டியோடு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று வருஷம் என்று அடித்தாள். ஏதாவது ஒன்று என்றால் எதை? சோடியம் விளக்கு வேண்டாம், அது என் கதை, சார் அதைச் சொல்லிவிட்டார், இது மேடத்தின் கதை. இரண்டு பெட்டியையும் கண்டுபிடித்ததை எழுதலாமா, வேண்டாம், கேள்வியாகக் கேட்டதை, வேண்டாம், இரு, இரு, அந்த வயலட். முதல் வருஷம் ஜூலையிலோ ஆகஸ்டிலோ, கடைசி பெஞ்சு சுடலைவடிவு எழுந்து, வானம் நீலமா இருக்குதுக்குச் சொன்ன காரணப்படி பாத்தா வயலட்டாத்தானே மேடம் இருக்கணும் என்று கேட்டாள், வகுப்பு சிரித்தது, மேடம் சிரிக்கவில்லை, பலகையைப் பார்த்தபடி நின்றார், ரொம்ப நேரம் நின்றார், அப்புறம் திரும்பி, "எனக்குத் தெரியாது" என்றார். அதுவரை அனிஸ்டா ஒரு ஆசிரியர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதே இல்லை. பன்னிரண்டு வருஷப் பள்ளியில் ஒருத்தர்கூட. மறுநாள் மேடம் ஒரு பதிலோடு வந்தார், அதற்கு மறுநாள் வந்து, நேற்றுச் சொன்னது பாதிதான் சரி, நம்ம கண்ணை நான் கணக்குல சேக்கல, அழிச்சிருங்க என்றார், நாலாம் நாள் கண்ணின் படத்தைப் பலகை முழுக்க வரைந்து, கீழே சுடலைவடிவு கேட்ட கேள்வி என்று பெயர் எழுதினார். சுடலைவடிவு அன்றிலிருந்து முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். இதை எழுதினாள். எழுத எழுத வந்தது, தன்னைப் பற்றி எழுதியபோது ஒவ்வொரு சொல்லும் கூசிக் கூசி நின்றதே, இப்போது சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன, ரேஷன் கடை மாதிரி, எனக்கு எனக்கு என்று, விரல்தான் பின்தங்குகிறது. பணிவானவர் என்று ஒரு இடத்திலும் வரவில்லை. சிறந்த என்றும் வரவில்லை. மேடம் சொன்னார், மேடம் கேட்டார், மேடம் நின்றார், அழித்தார், மறுபடி வரைந்தார் என்று எல்லாம் நடந்ததாகவே வந்தது. ஒரு பக்கம் முடிந்தபோது, இவ்வளவுதானா எழுத முடியும், பதினொரு வருஷத்துக்கு எத்தனை சுடலைவடிவு இருப்பார்கள், அவர்களுக்கெல்லாம் சேர்த்து நான்தானே எழுதுகிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, பயம் மாதிரி இருந்தது, பயம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. நின்றது. கதவு மெல்லத் தட்டப்பட்டது. "அனிஸ்டா, ஆச்சா? நான் வரலாமா?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் இல்ல மேடம்" என்று உரக்கச் சொன்னாள், "உள்ள வராதீங்க", சொல்லிக்கொண்டே இரண்டாம் பக்கத்துக்குப் போனாள்.